சங்கத்துக் காமிராவுக்கு இரண்டாவது லென்ஸ்

கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றிலும், விளைவிப்போர் சங்கங்கள் சிலவற்றிலும் டிஜிட்டல் காமிரா ஒன்று தளவாடப் பதிவேட்டில் ஏறியிருக்கக் காண்கிறோம். இது வேண்டாத ஆடம்பரம் அன்று. வெளியூர் வாடிக்கையாளர் சேலையைத் தொட்டுப் பாராமல், இணையத்தில் படத்தைப் பார்த்தே வாங்குகிறார். விரல் நுனி செய்துவந்த வேலையைக் கண் ஒன்றே செய்யவேண்டியிருக்கிறது. விசைத்தறித் துணியைக் கைத்தறியென்று சொல்லி விற்பாரும் அதே சந்தையில் நிற்பதால், நம் நெசவின் உண்மைக்குப் படமே சாட்சியாக வேண்டும்.

காமிரா வந்து ஆறு மாதம் ஆனதும் நிர்வாகக் குழுவின் முன் இன்னொரு தீர்மானம் வருகிறது: “காமிராவுக்கு மேலும் ஒரு லென்ஸ் வாங்குதல்.” எந்த லென்ஸ், எதற்காக என்பது பெரும்பாலும் அதில் இராது. இருந்தால் கடைக்காரர் சொன்ன பெயர் அப்படியே இருக்கும். ஒரு சங்கத்தின் இரும்பு அலமாரியில், காமிராவோடு சலுகை விலையில் சேர்த்து விற்கப்பட்ட நீண்ட லென்ஸ் ஒன்று உறை பிரிக்கப்படாமலே இருக்கக் கண்டேன். அந்தப் பணமும் அங்கத்தினர்கள் தறியில் அமர்ந்து ஈட்டிய பணமே. ஆகவே, புதிதாகக் காமிரா பழகும் சங்க ஊழியர்களும் நிர்வாகிகளும் இவ்விஷயத்தைக் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கும் வழியை இங்கே கூற விரும்புகிறேன். கணக்கு எளிது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் கையில் உள்ள லென்ஸ். ஆரம்ப நிலைக் காமிராக்கள் பலவற்றோடு வருவது 18–55 என்று குறியிட்ட லென்ஸாகும். இவ்வெண்கள் குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் காட்டுவன. 18 என்ற இடத்தில் வளையத்தைத் திருப்பினால் அகன்ற காட்சி கிடைக்கும். 55-இல் குறுகிய காட்சி பெரிதாகத் தெரியும். லென்ஸுக்குப் பின்னால் படம் பதியும் தகட்டை சென்சார் என்பர். நிக்கான் ஆரம்ப நிலைக் காமிராக்களில் அதன் நீளப்பக்கம் 23.5 மி.மீ.; கானனில் 22.3 மி.மீ. இவ்விரண்டு எண்களும் நமக்குப் போதும். படமெடுக்கும் பொருளின் உயரத்தைச் சென்சாரின் நீளத்தால் வகுத்து, வந்த ஈவைக் குவியத்தூரத்தால் பெருக்கினால், காமிரா எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

பொம்மைக்குச் சேலை உடுத்தி முழு உருவமும் தெரியப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். மேலும் கீழும் சிறிது இடம் விட்டு 180 சென்டிமீட்டர், அதாவது 1800 மி.மீ. உயரம் வேண்டும். அதை 23.5-ஆல் வகுத்தால் 76.6. காமிராவை நெட்டாகப் பிடித்து, 18-இல் எடுத்தால் சுமார் நாலரை அடியில் நின்றாலே போதும். 35-இல் ஒன்பது அடி வேண்டும். 50-இல் பன்னிரண்டரை அடி. 200 மி.மீ. உள்ள நீண்ட லென்ஸானால் ஐம்பது அடி! நம் சங்கக் கட்டடங்களில் ஐம்பது அடி நீளமுள்ள அறை எங்கே இருக்கிறது? படம் எடுப்பவர் நிற்பதற்கும் காமிராவுக்குப் பின்னால் இரண்டடி விடவேண்டும் என்பதையும் மறத்தலாகாது. மேற்சொன்ன நீண்ட லென்ஸ் அலமாரியில் உறங்கியதற்குக் காரணம் யாருடைய சோம்பலும் அன்று; அறையின் அளவே.

அப்படியானால் 18-இலேயே எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அதில் இரண்டு கேடுகள் உண்டு. அருகில் நின்று எடுப்பதால் மார்பளவு பெரிதாகவும் கொசுவத்தின் அடிப்பகுதி சிறுத்தும் உருவம் திரிந்து தோன்றும். மேலும் அகன்ற காட்சியில் படத்தின் ஓரத்து நேர்கோடுகள் வெளிப்புறமாக வளையும். மற்றப் பொருள்களில் இது கண்ணுக்குத் தெரியாது போகலாம். சேலைக் கரையோ நூல்பிடித்தாற்போல் நேராக நெய்யப்படுவது; அது வில்லாக வளைந்து தெரிந்தால், நெசவு கோணல் என்றே வாங்குபவர் எண்ணுவார். நெய்தவர் செய்யாத பிழை அவர் தலையில் ஏறும். காமிராவிலும் கணினியிலும் இந்த வளைவை ஓரளவு திருத்திக்கொள்ள வசதி உண்டெனினும், 35-க்குக் குறையாமல் எடுப்பதே மேல்.

இனி நுணுக்கப் படம். சேலை விற்பனையில் என் அபிப்பிராயப்படி முழு உருவப் படத்தைவிட மதிப்புடையது இதுவே. காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, ஊடைகள் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. அந்தக் கோர்வை இடத்தைத் தெளிவாகக் காட்டும் ஒரு படம் பத்து வரி விளம்பரத்துக்கு ஈடாகும். சரிகையின் மின்னலும், இழையின் நெருக்கமும், பாவின் நிறமும் ஊடையின் நிறமும் கலந்து தோன்றும் விதமும் அருகில் சென்றால்தான் தெரியும்.

இதற்குப் புது லென்ஸ் வேண்டுமா என்பதை அறிய ஒரு சோதனை. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அடிக்கோல் ஒன்றை மேசைமேல் வைத்து, வளையத்தை 55-இல் நிறுத்தி, ஃபோகஸ் பிடிக்கும் மட்டும் நெருங்கிப் படமெடுங்கள். படத்தின் நீளவாட்டில் எத்தனை மில்லிமீட்டர் அடங்கியிருக்கிறது என்று எண்ணுங்கள். கானன், நிக்கான் இரண்டின் பிந்திய 18–55 லென்ஸ்களில் இது சுமார் 62 மி.மீ. வரும், அதாவது இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இருபத்துநான்கு மெகாபிக்ஸல் காமிராவில் நீளப்பக்கத்தில் 6000 புள்ளிகள் இருக்கின்றன. அங்குலத்துக்கு நூறு இழை ஓடும் துணியானால், ஓர் இழைக்கு ஏறக்குறைய 24 புள்ளிகள் கிடைக்கும். இழை எண்ணும் பூதக்கண்ணாடி செய்கிற வேலையை இந்தச் சாதாரண லென்ஸே செய்துவிடும் என்று இதனால் விளங்கும். கண்ணாடிப் பெட்டகம் இல்லாத புதுவகைக் காமிராக்களோடு வரும் மடங்கு லென்ஸ்கள் சிலவற்றில் இவ்வளவு நெருக்கம் கிடைப்பதில்லை. சோதனை செய்தால் தெரிந்துபோகும்.

அடுத்ததாகக் கடைகளில் பெரிதும் புகழப்படும் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். விலை குறைவு, எடை குறைவு, மங்கலான வெளிச்சத்திலும் படம் எடுக்கும். மனிதர் முகத்தை எடுத்தால் பின்னணி பனிபோல் மறைந்து அழகாக இருக்கும். கலியாண வீட்டுக்கு இது நல்ல லென்ஸ்தான். ஆனால் துணிக்கு? கானன் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் 35 சென்டிமீட்டருக்கு மேல் நெருங்காது; அடிக்கோல் சோதனையில் 106 மி.மீ. காட்டும். நிக்கான் 50 எஃப் 1.8ஜி லென்ஸோ 45 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். ஆறங்குலத்துக்கு மேல் காட்டும். அதாவது, கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் லென்ஸ், காமிராவோடு வந்ததைவிட நுணுக்கப் படத்தில் பின்தங்குகிறது. அதன் பெருமையெல்லாம் அகன்று திறக்கும் துவாரத்தில் இருக்கிறது. துணிக்கு அந்தத் துவாரமே பகை. 1.8-இல் வைத்து 45 சென்டிமீட்டரில் படமெடுத்தால் நான்கு மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாக இருக்கும். ஒரு மடிப்பு தெரிந்தால் அடுத்த மடிப்பு மங்கிவிடும். துணியை எஃப் 8 அளவில் துவாரத்தைச் சுருக்கித்தான் எடுக்கவேண்டும். சுருக்கியபின் 1.8-க்குக் கொடுத்த காசுக்கு அங்கே வேலையில்லை.

சுருக்கினால் ஒளி குறையும். குறைந்த ஒளிக்கு ஈடாகக் காமிரா நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் கையில் அசையாமல் பிடிக்க இயலாது. ஆதலால் முக்காலித் தாங்கி இல்லாத சங்கம் லென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதை வாங்கிக்கொள்ளவேண்டும். தாங்கியில் நிறுத்தி, இரண்டு வினாடி கழித்துத் தானே படமெடுக்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்தினால் பழைய லென்ஸே புதிதுபோல் வேலை செய்வதைக் காணலாம்.

நிறத்தைப் பற்றிய புகாரையும் லென்ஸின்மேல் போடுதல் தகாது. “படத்தில் கத்தரிப்பூ நிறம், வந்ததோ நீலம்” என்று திரும்பி வரும் பார்சல்கள் சங்கத்துக்கு இருவழித் தபால் செலவும், கசங்கிய சேலையும், போன வாடிக்கையாளருமாக முடிகின்றன. இதற்குக் காரணம் சன்னல் வெளிச்சமும் குழல்விளக்கு வெளிச்சமும் ஒன்றாய்க் கலப்பது. விளக்கை அணைத்துவிட்டு, நேர்வெயில் படாத சன்னலருகே, சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து வெண்மைச் சமன் செய்துகொண்டால் பெரும்பகுதி சரியாகும். மயில்கழுத்து போன்ற இரட்டை நிறச் சேலையை ஒரே கோணத்தில் எடுத்து நிறம் காட்டவே முடியாது. இரண்டு கோணங்களில் இரண்டு படம் போடுதல் நேர்மையான வழி.

இவ்வளவும் செய்தபிறகும் குறை எஞ்சுமானால், நெசவாளர் சங்கத்துக்கு ஏற்ற இரண்டாவது லென்ஸ் மேக்ரோ லென்ஸ்தான் என்பது என் முடிவு. நிக்கான் கம்பெனியார் இதையே மைக்ரோ என்பர். பொருளின் அளவும் சென்சாரில் விழும் உருவத்தின் அளவும் சமமாகும் வரை இது நெருங்கும்; 1:1 என்று குறித்திருப்பார்கள். நீண்ட லென்ஸ்கள் சிலவற்றின் மேலும் மேக்ரோ என்று அச்சிட்டிருப்பதுண்டு. அச்சைப் பாராமல் 1:1 என்ற எண்ணையே பார்க்கவேண்டும். முன்சொன்ன நூறு இழைத் துணியில் ஓர் இழைக்கு 64 புள்ளிகள் வரை கிடைக்கும். சரிகையில் பட்டிழைமேல் சுற்றிய தகட்டுச் சுற்றுக்கூடத் தெரியும். ஆனால் நான் இதைச் சொல்வது நெருக்கத்துக்காக மட்டும் அன்று. மேக்ரோ லென்ஸ்கள் தட்டையான பொருளை ஓரம் முதல் ஓரம் வரை ஒரே தெளிவோடும், கோடுகள் வளையாமலும் காட்டும்படி அமைக்கப்படுகின்றன. விரித்த துணியைப்போல் தட்டையான பொருள் வேறென்ன இருக்கிறது? அருகில் மட்டுமே எடுக்கும் என்று பலர் எண்ணியிருப்பதும் சரியன்று. தூரத்துப் பொருளையும் எடுக்கும். முழுச் சேலைக்கும் கோர்வைக்கும் ஒரே லென்ஸ் போதுமானதாகிறது.

எந்த நீளத்து மேக்ரோ? இங்கே மறுபடியும் அறையை அளக்கவேண்டும். நம் கணக்குப்படி முழுச் சேலைக்கு 40 மி.மீ. லென்ஸ் பத்தடி கேட்கும்; 60 மி.மீ. பதினைந்தடி, 90 மி.மீ. இருபத்திரண்டு அடிக்கு மேல். அறை சிறிதானால் 40 என்று முடித்துவிடலாமா? அருகே போகும்போது அதில் ஒரு தொல்லை. 2011-இல் வந்த நிக்கான் 40 மி.மீ. மைக்ரோ லென்ஸ் 1:1 நிலையில் துணியிலிருந்து ஓரிரு அங்குலத்தில் நிற்கும். லென்ஸின் நிழலே துணிமேல் விழும். கானன் கம்பெனியார் 2017-இல் வெளியிட்ட 35 மி.மீ. மேக்ரோவில் இதற்காகவே முகப்பில் சிறுவிளக்கு பொருத்தியிருந்தார்கள். 60 மி.மீ. வகைகள் இரண்டு முதல் மூன்றரை அங்குலம் விடும். 90, 100 வகைகள் நான்கு முதல் ஆறு அங்குலம் விடும்; சன்னல் வெளிச்சம் தாராளமாக உள்ளே புகும். பன்னிரண்டு அடிக்குக் குறையாத அறையுடைய சங்கத்துக்கு 40-உம், பதினேழு பதினெட்டு அடிக் கூடமுடைய சங்கத்துக்கு 60-உம் பொருந்தும். 90 வகையை வாங்குவோர் முழுச் சேலையைப் பழைய 18–55-இலேயே எடுத்துக்கொள்ளவேண்டும், அதிலும் குற்றமில்லை.

1:1 நிலையில் எஃப் 8 வைத்தாலும் தெளிவின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. காமிரா துணிக்கு இம்மியும் சாயாமல் நேராக நிற்கவேண்டும். துணிமேல் சிறு முகக்கண்ணாடியை வைத்து, காமிராவில் பார்த்தால் லென்ஸின் உருவம் படத்தின் நட்டநடுவில் தெரியும்படி சரிசெய்யுங்கள். கண்ணாடியை எடுத்துவிட்டுப் படம் பிடிக்கலாம்.

நல்ல லென்ஸால் வரும் புதுத் துன்பம் ஒன்றையும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால், எந்த வலையிலும் இல்லாத அலைஅலையான கோடுகள் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். சென்சாரின் புள்ளிகள் ஒரு வலை. நம் துணியின் இழைகள் மற்றொரு வலை. இரண்டின் நெருக்கமும் ஏறக்குறைய ஒத்துப்போகும் தொலைவில் அத்தகைய அலைகள், சில சமயம் வானவில் நிறத்தோடு, படத்தில் விழும். லென்ஸ் கூர்மையாக இருந்தால் அலையும் கூர்மையாக விழும். லென்ஸ் பழுது என்று கடைக்கு ஓடவேண்டாம். ஓரடி முன்னே பின்னே நகர்ந்தோ, காமிராவைச் சற்றே திருப்பியோ எடுத்தால் மறையும். கணினித் திரையில் படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது மட்டும் தோன்றும் அலை படத்தில் இல்லாததாகவும் இருக்கலாம். முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்துத் தெளிக.

மேக்ரோ லென்ஸ் வாங்கப் பணம் போதாத சங்கங்கள், ஏற்கனவே 50 மி.மீ. லென்ஸ் இருந்தால், நீட்டிப்புக் குழாய் ஒன்றை இடையில் மாட்டலாம். இது கண்ணாடியில்லாத வெறும் வளையம். 25 மி.மீ. குழாயை 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் மாட்டினால் 25-ஐ 50-ஆல் வகுத்த அளவு, அதாவது பாதி அளவு உருவம் கிடைக்கும்; இரண்டங்குலத்துக்கும் குறைவான பரப்பு படத்தை நிரப்பும். மாட்டியிருக்கும்போது தூரத்தில் ஃபோகஸ் பிடிக்காது. மின் இணைப்புள்ள குழாயாகப் பார்த்து வாங்கவேண்டும். அஃதில்லாத மலிவு வகையில் இக்கால லென்ஸ்கள் பலவற்றின் துவாரத்தைக் காமிராவிலிருந்து சுருக்க இயலாது.

விளைவிப்போர் சங்க அன்பர்களுக்குக் கணக்கு சிறிது மாறும். இலைப்பேன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். 2018-இல் இந்தியாவுக்குள் வந்த மக்காச்சோளப் படைப்புழுவை அடையாளம் காண, தலையில் தலைகீழ் ‘ஒய்’ எழுத்துப் போன்ற குறியையும், வால்புறத்துக்கு முந்திய கணுவில் சதுரமாய் அமைந்த நான்கு புள்ளிகளையும் காட்டவேண்டும். வேளாண்மை அலுவலருக்கு அனுப்பும் படம் இதைத் தெளிவாகக் காட்டினால் தவறான மருந்துச் செலவு மிஞ்சும். இதற்கு 90, 100 மேக்ரோ சிறந்தது. பூச்சியின்மேல் நிழல் விழாமல் எட்டி நிற்கலாம். தென்னை விளைவிப்போர்க்கோ நான் மேலே ஒதுக்கிய நீண்ட லென்ஸே உற்ற துணை. 2016-இல் பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னைகளில் காணப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள்சுருளாக முட்டையிடும். கீழோலைகளில் கரும்பூசணம் படியும். ஐம்பதடி மரத்தின் உச்சி ஓலையை ஏறாமலே பார்க்க 55–250 லென்ஸ் உதவும். பதினைந்து மீட்டர் தொலைவில் 250-இல் வைத்தால் ஒன்றரை மீட்டருக்கும் குறைவான பரப்பே படத்தை நிரப்பும். கைத்தறிச் சங்கத்தின் அலமாரியில் உறங்குவதைத் தென்னைச் சங்கத்தார் இரவல் கேட்டு வாங்கினாலும் தகும்.

பொருத்தம் பார்க்காமல் விலை பேசக் கூடாது. கானனின் ‘ஈஎஃப்’ பூட்டு 1987-லும், நிக்கானின் ‘எஃப்’ பூட்டு 1959-லும் வந்தவை. இரண்டு கம்பெனிகளும் 2018-இல் கண்ணாடிப் பெட்டகமில்லாக் காமிராக்களுக்கெனப் புதுப்பூட்டுகள் கொணர்ந்தன. பழைய லென்ஸைப் புதுக் காமிராவில் இணைப்பு வளையத்தால் மாட்டலாம். புது லென்ஸைப் பழைய காமிராவில் மாட்ட இயலாது. நிக்கானின் ஆரம்ப நிலைக் காமிராக்களான டி3000, டி5000 வரிசைகளில் ஃபோகஸ் மோட்டார் உடலில் இல்லை. ஆகவே ‘ஏஎஃப்-டி’ எனக் குறித்த பழைய மலிவு லென்ஸ்களை அவற்றில் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். துணி அசையாத பொருள்; முக்காலியின்மேல் கையால் ஃபோகஸ் செய்வது கடினமன்று. ஊழியருக்குப் பொறுமை உண்டா என்பதே கேள்வி.

பழைய லென்ஸ் வாங்குவதில் தவறில்லை. முகப்பிலிருந்து கைவிளக்கை அடித்துப் பின்புறமாகப் பாருங்கள். சில தூசுகள் இருந்தால் தீங்கில்லை. சிலந்திவலைபோல் கிளைத்த வெண்ணிழைகள் தென்பட்டால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடவேண்டும்.

தீர்மானத்துக்கு முன், ஊரிலுள்ள கலியாணப் புகைப்படக்காரர் ஒருவரிடம் மேக்ரோ லென்ஸை ஒரு நாள் வாடகைக்கோ இரவலாகவோ பெற்று, சங்கத்துச் சேலையையே, சங்கத்து அறையிலேயே, எஃப் 8-இல் இரண்டு லென்ஸிலும் எடுத்து நிர்வாகக் குழுவின் முன் வைக்கவேண்டும். எந்தப் படம் எதில் எடுத்தது என்று சொல்லாமல் காட்டினால் இன்னும் நலம். நெசவாளர் கண் நூலில் பழகிய கண். எது வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் தீர்மானத்தை ஒத்திவைக்கலாம். தெரிந்தால் மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்று, லென்ஸின் முழுப்பெயர், குவியத்தூரம், பூட்டு வகை மூன்றையும் தீர்மானத்தில் எழுதி நிறைவேற்றுக.

வாங்கியதைத் தோலுறையில் போட்டு இருண்ட அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளைப் போட்டு வைத்து, மணிகளை அவ்வப்போது காயவைக்கவேண்டும். லென்ஸின் வரிசை எண்ணைத் தளவாடப் பதிவேட்டில் தனி இனமாக எழுதுக. காமிராவோடு ஒரே வரியில் சேர்த்து எழுதினால், காமிரா பழுதாகிக் கழிவில் போகும் நாளில் நன்றாயிருக்கும் லென்ஸும் அதனுடன் கழிந்துவிடும்.